தலைக்கு 208 ரூபாய்: தாராவியிலிருந்து கல்வி அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் பள்ளிக் கல்வி மற்றும் எழுத்தறிவுத் துறைக்கும், மகாராஷ்டிர அரசின் பள்ளிக் கல்வித் துறைக்கும்,

வணக்கம்.

மும்பை தாராவியில், தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்தொன்றின் மாடி அறையில், பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தத் தொடங்கிய மூன்று பெண்களில் நானும் ஒருத்தி. 'வயது வந்தோர் கல்வி' என்ற பெயரை விட்டுவிட்டு 'அனைவருக்கும் கல்வி' என்று சொல்ல நீங்கள் முடிவு செய்தீர்கள். எங்கள் சந்தில் அதற்கு இன்றும் 'ராத்திரி ஸ்கூல்' என்றுதான் பெயர். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக 2022-இல் தொடங்கிய உல்லாஸ் திட்டத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச் மாதத்துடன் முடிகிறது. அடுத்ததற்கான கணக்கு எழுதப்படுவதற்கு முன்பே எங்கள் தரப்பைச் சொல்லிவிட வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

உல்லாஸின் மொத்த மதிப்பீடு 1,037.90 கோடி ரூபாய். அதில் ஒன்றிய அரசின் பங்கு 700 கோடி, மாநிலங்களின் பங்கு 337.90 கோடி. இலக்கு, ஐந்தாண்டில் ஐந்து கோடிப் பேர். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஏறக்குறைய 208 ரூபாய் வரும். வகுத்தல் சொல்லிக்கொடுத்த அன்று இதையே கரும்பலகையில் போட்டேன். விடியற்காலையில் இட்லி அவித்து மாதுங்கா பக்கம் விற்கப் போகும் அக்கா ஒருவர் விடையைப் பார்த்துவிட்டு, "இது ஒரு நாள் உளுந்துக்கே காணாதே டீச்சர்" என்றார். தொகை இவ்வளவு சிறியதாக இருப்பதற்குக் காரணம் எளியது. பாடம் சொல்லித் தருபவருக்கென்று அந்தக் கணக்கில் ஒரு ரூபாயும் கிடையாது. தன்னார்வலர்கள் கற்பிப்பார்கள் என்ற எண்ணத்தின்மேல்தான் திட்டமே கட்டப்பட்டிருக்கிறது.

தன்னார்வத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அங்கே சொல்லிக்கொடுத்தவர்களும் கூலி வாங்காதவர்களே. ஆனால் அவர்களுக்குப் பின்னால் மாவட்ட நிர்வாகம் முழுவதும் நின்றது. 2009 செப்டம்பரில் தொடங்கிய சாட்சர் பாரத் என்ற ஒன்றிய எழுத்தறிவுத் திட்டத்தில் கிராம ஊராட்சி தோறும் ஒரு கல்வி மையமும், அதை நடத்த இரண்டு ஊக்குநர்களும், அவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியமும் இருந்தன. பல மாநிலங்களில் அந்தப் பணம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது என்பது உண்மைதான் என்றாலும், கற்பிப்பதும் ஒரு வேலைதான் என்று தாளிலாவது எழுதப்பட்டிருந்தது. ஆனால் அது ஊரகப் பகுதிகளுக்கான திட்டம். 2018 மார்ச்சில் அது முடியும்வரை தாராவிக்கு அதில் இடமில்லை. நகரங்களையும் சேர்த்துக்கொண்ட புதிய திட்டம் வந்தபோது மதிப்பூதியம் போய்விட்டிருந்தது. எங்களுக்கு இலை போட்ட நேரத்தில் சோறு தீர்ந்துபோயிற்று என்று சொன்னால் தவறாகாது.

இத்தனைக்கும் தொழிலாளர் கல்வியில் இந்த நகரம் பின்தங்கியது அல்ல. தொழிலாளர்களுக்கான கல்விக்கூடமாக நாட்டின் முதல் ஷ்ரமிக் வித்யாபீடம் 1967-இல் இதே மும்பையின் வொர்லியில்தான் தொடங்கியது. அந்த வழியில் வந்த ஜன் சிக்ஷன் சன்ஸ்தான்களை 2018-இல் திறன் மேம்பாட்டு அமைச்சகத்துக்கு மாற்றினீர்கள். அங்கே தொழிற்பயிற்சி கிடைக்கிறது, அது நல்லதுதான். ஆனால் வயது வரம்பு 15 முதல் 45. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள்.

எங்கள் அறையின் வாடகை ஒரு சிறு அறக்கட்டளை வழியாக வந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு அதைத் தந்தது வெளிநாட்டு நன்கொடை பெறும் ஒரு பெரிய அமைப்பு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் வந்த திருத்தம், அப்படிப் பெற்ற பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றுவதைத் தடை செய்தது. தவறு செய்பவர்களைப் பிடிக்க வந்த வலையாக இருக்கலாம். மாட்டியது எங்கள் மாதம் நாலாயிரம் ரூபாயும்தான். அதன்பிறகு நாங்கள் போய்க் கேட்ட நிறுவனங்கள் எத்தனை தையல் சான்றிதழ் தருவீர்கள் என்று விசாரித்தன. ஐம்பத்தெட்டு வயதுப் பெண் தன் பெயரை எழுதக் கற்பதை அவர்களின் படிவத்தில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

எட்டு மாதம் அறை பூட்டிக் கிடந்தது. மீண்டும் திறந்தபோது, கையெழுத்துப் போடப் பழகியிருந்த ஒரு பாட்டி வங்கியில் மறுபடி கைநாட்டுக்குத் திரும்பியிருந்தார். காரணம் கேட்டேன். முதலில் போட்ட கையெழுத்தைப் போலவே இப்போது போட வரவில்லை, பொருந்தாவிட்டால் பணம் தரமாட்டார்கள் என்ற பயம் என்றார். அவர் நோட்டைப் புரட்டினால், கடைசிப் பக்கத்தில் 'றி' வரை எழுதி நிறுத்திய பெயர் அப்படியே இருந்தது. எங்களில் ஒருத்தி இடையில் ஒரு பேக்கிங் பட்டறையில் மாலை ஷிப்டுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இலவசமாகக் கற்பிக்க நேரம் இருப்பவர்கள் தாராவியில் குறைவு. நேரம் இருப்பவர்கள் வசிக்கும் இடங்களிலிருந்து யாரும் இதுவரை எங்கள் மாடிப்படி ஏறவில்லை.

உல்லாஸில் கற்போருக்கு நீங்கள் வைக்கும் தேர்வைப் பற்றியும் ஒரு சொல். வாசிப்பு, எழுத்து, எண்ணறிவு என்று மூன்றுக்கும் ஐம்பது ஐம்பதாக 150 மதிப்பெண். எங்கள் பெண்கள் அதை எழுதத் தயங்குவதில்லை. பேசும் மொழி என்பதால் முதலில் தமிழ் எழுத்தில் தொடங்குகிறோம். ஆனால் தாராவியை இடித்துக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தின் கணக்கெடுப்புத் தாள் முதல் குடும்ப அட்டை வரை மராத்தியில் இருப்பதால், நாகரி எழுத்தையும் கற்பித்தாக வேண்டியிருக்கிறது. மறுசீரமைப்பில் இங்கேயே வீடு பெற, 2000 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததைக் காட்டும் தாள் எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு அலையும் ஊரில் இது அலங்காரப் படிப்பு அல்ல. இரண்டு எழுத்துக்கு ஏறக்குறைய இரட்டை நேரம் ஆகிறது. தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் இந்த இரண்டாவது எழுத்துக்கு இடமே இல்லை. தேர்வில் தேறியவர் மறுநாளும் வந்து உட்கார்ந்து படிப்பதற்கும் இல்லை.

எனவே, அடுத்த திட்டத்தில் கற்பிப்பவருக்கான மதிப்பூதியத்தைத் தனித் தலைப்பாகச் சேர்த்து, ஒன்றியமும் மாநிலமும் 60:40 என்று பங்கிட்டுக்கொள்ளும் தவணை தாமதமானாலும் அது நிற்காதபடி செய்யுங்கள். வாடகைக்கு நாங்கள் பணம் கேட்கவில்லை. மாலையில் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிப் பள்ளி அறைகளைத் திறந்துவிட்டாலே போதும். ஒரு பள்ளியில் கேட்டபோது மின்கட்டணத்தை யார் கட்டுவது என்ற கேள்வியோடு எங்கள் மனு திரும்பி வந்தது. அந்தக் கேள்விக்கான பதிலை உங்கள் ஆணையிலேயே எழுதிவிடுங்கள். வயது வரம்பை நீக்கும்படி திறன் மேம்பாட்டு அமைச்சகத்துக்கும் நீங்களே பரிந்துரைக்கலாம்.

அனுப்புவதற்கு முன் இந்த மடலை வகுப்பில் இரண்டு முறை வாசித்தோம். உளுந்துக் கணக்கை நீக்கிவிடலாமா என்று கேட்டேன். அந்த அக்கா கூடாது என்றுவிட்டார். கீழே பத்தொன்பது கையெழுத்துகளும் இரண்டு கைநாட்டுகளும் இருக்கின்றன. கைநாட்டு வைத்த இருவரும் அறை பூட்டியிருந்த அந்த எட்டு மாதங்களுக்கு முன் பெயர் எழுதக் கற்றிருந்தவர்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆசிரியையும் கற்போரும்,
தாராவி, மும்பை