டைபர் ஏறிய இடங்கள்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களே,

டைபர் ஆற்று வெள்ளம் எதுவரை ஏறியது என்று குறித்து ரோம் நகரச் சுவர்களில் பதித்திருக்கும் வெள்ளக் கல்வெட்டுகளைத் தேடிப்பிடித்துப் படமெடுத்து, லத்தீன் வரிகளைப் படியெடுத்து வைக்கும் வேலை ஒருவழியாகக் கரை சேர்ந்தது. நான் தனியாளாகச் செய்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதல் நன்றி எங்கள் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற லத்தீன் ஆசிரியைக்கு. ஆர்கோ தெய் பாங்கி வளைவுக்குள் 1277ஆம் ஆண்டுக் கல் ஒன்று இருக்கிறது. நகரத்தில் மிஞ்சியிருக்கும் வெள்ளக் குறிகளில் அதுதான் மிகப் பழையது. பாதிச் சொற்கள் சுருக்கம். நான் ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டியதை அவர் காப்பி ஆறுவதற்குள் வாசித்துவிட்டார்: 'டைபர் இதுவரை வந்தது, ஆனால் கலங்கலாக, சீக்கிரமே இங்கிருந்து வடிந்தது.' கடைசியில் 'எக்ளேசியா வாகாந்தே' என்று வருகிறது. போப் பதவி காலியாகக் கிடந்த நவம்பர் அது. எங்கள் ஊர்க் கல்வெட்டில் ராஜாவின் ஆட்சியாண்டு வரும், இங்கே ராஜா இல்லாததே தேதியாகிவிட்டது என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். 'யு' வரவேண்டிய இடத்தில் 'வி' இருக்கிறதே என்று நான் திருத்தி வைத்ததையெல்லாம் மறுபடி கல்லில் உள்ளபடியே மாற்ற வைத்தவரும் அவர்தான்.

அப்புறம், தஞ்சாவூரில் கல்வெட்டியல் படிக்கும் தம்பி. தேய்ந்த எழுத்தில் சாக்பீஸ் தடவலாமா என்று கேட்டதற்கு ஃபோனிலேயே திட்டினான். "கல்லுல கை வைக்காதீங்கண்ணா. ராத்திரி போய் டார்ச்சைச் சுவரோட ஒட்டிச் சாய்ச்சுப் பிடிங்க."

சாந்தா மரியா சோப்ரா மினெர்வா தேவாலய முகப்பில் அப்படித்தான் செய்தோம். பகலில் மொழுக்கென்று இருந்த கல்லில் நிழல் விழுந்து எழுத்து எழுந்தது. 1530ஆம் ஆண்டுக் கல் சொல்கிறது: கன்னி மாதா விரைந்து கைகொடுத்திராவிட்டால் ரோம் முழுதும் மூழ்கியிருக்குமாம். 1598 டிசம்பர் வெள்ளத்தின் கல் இன்னும் உயரத்தில். அங்கே டார்ச் எட்ட, மூங்கில் கம்பு தேடிக் கொண்டுவந்து, ஹோட்டல் வேலை முடிந்த களைப்போடு நள்ளிரவு வரை தூக்கிப் பிடித்தவன் என் அறைத்தோழன். டேய், உனக்கு ஒரு பிரியாணி கடன்.

படங்களைப் பிரதியெடுத்து மூன்று வீடுகளில் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் நன்றி. ஒரு கல் மட்டும் பாக்கி. அந்தச் சுவரில் சாரம் கட்டியிருக்கிறார்கள். பிரித்ததும் கூப்பிடுகிறேன். கம்பு என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ரோம் நண்பன்