பவளமல்லியும் குண்டுக்கரிச்சானும்: மாடிவீட்டு அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மைதிலி அக்காவுக்கு,

வணக்கம். நம் பெசன்ட் நகர் குடியிருப்பில் நிற்கும் பவளமல்லியும், விடியுமுன் ஆன்டெனாவில் அமர்ந்து பாடும் குண்டுக்கரிச்சானும் ஒரே நேரத்துக்குப் பிறந்த இரட்டையர் என்றீர்கள். எனக்கோ, அந்த விடியல் மரத்துக்கு வேலை முடியும் பொழுதாகவும் பறவைக்கு வேலை தொடங்கும் பொழுதாகவும் தோன்றுகிறது.

பவளமல்லி அந்திக்குப் பின் மலர்வது இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்காக. வெள்ளை இதழ்கள் இருளிலும் துலங்குகின்றன, மணமோ தொலைவிலிருந்தே அழைக்கிறது. பொழுது புலரும்போது இதழ்களும் பவள நிறக் காம்பும் ஒன்றாகக் கழன்று விழ, சூலகம் மட்டும் கிளையிலேயே தங்கி, இரண்டு விதைகள் கொண்ட தட்டையான காயாகிறது. மண்ணில் விழுந்த பூ பூசைக்கு ஆகாது என்னும் நம் வழக்கம் இந்தப் பூவுக்கு மட்டும் விலக்களித்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் மகிழ்கிறேன். அந்தக் காம்பிலுள்ள நிறமி குங்குமப்பூவின் நிறமிக்கு உறவானது. அதைக் கொண்டு பட்டுக்குச் சாயமும் ஏற்றியிருக்கிறார்கள்.

கரிச்சானின் பாட்டு வேறு வகை உழைப்பு. ஆண் பறவை தன் எல்லையை மற்ற ஆண்களுக்கு அறிவிக்கவும் பெண் பறவையை ஈர்க்கவும் பாடுகிறது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள குரலுறுப்பிலிருந்து அந்த ஒலி எழுகிறது. பவளமல்லி விதை எந்த ஊரில் முளைத்தாலும் யாரும் கற்றுத்தராமலே மணக்கும், ஆனால் பாடும் பறவையினத்தின் குஞ்சு மூத்த பறவைகளின் பாட்டைக் கேட்டுக் கேட்டே தன் பாட்டைப் பழக வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே நான் காணும் ஆழமான வேறுபாடு இதுதான். கரிச்சான் பிற பறவைகளின் குரலையும் தன் பாட்டில் சேர்த்துக்கொள்ளும் என்பதால், நம் தெருவில் எந்தெந்தப் பறவைகள் வாழ்கின்றன என்பதும் அதில் ஓரளவு பதிந்திருக்கலாம்.

ஆண்டையும் இவை பங்கிட்டுக்கொள்கின்றன. கரிச்சானின் பாட்டு ஓங்கி ஒலிப்பது, அது கூடு கட்டும் மார்ச் முதல் ஜூலை வரையிலான மாதங்களில். பவளமல்லி கொட்டுவதோ ஆவணி தொடங்கி மழைக்காலத்தில். பூ விரிந்து கிடக்கும் காலையில் பறவை பெரும்பாலும் பாடாமல் இருக்கும்.

கரிச்சான் மரப்பொந்தில் முட்டையிடும் பறவை. பின்புறத்து வேம்பில் பொந்துள்ள கிளையை வெட்டும் பேச்சு சங்கக் கூட்டத்தில் வந்தால், வேண்டாம் என்று நீங்கள் சொல்ல வேண்டும். உங்கள் சொல்லுக்கு அங்கே மதிப்புண்டு. அக்கிளை ஆபத்தானது என்று உறுதியானால், வெட்டுவதைக் கூடு கட்டும் காலம் முடியும்வரை தள்ளிவைத்து, பிறகு ஒரு மரப்பெட்டியைக் கூடாகக் கட்டித் தொங்கவிடலாம். கரிச்சான் அதையும் ஏற்றுக்கொள்ளும்.

அன்புடன்,
கீழ்வீட்டுத் தம்பி