பிட்டுக்குள்ள குழல் வாசிக்கிறவைக்கு கொஞ்சம் இடம் விடுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கட ஞாயிறு இதழில வந்த இசை நாடக விமர்சனம் வாசிச்சனான். நடிப்பு, உடுப்பு, செட் எல்லாத்தையும் பற்றி நல்லாத்தான் எழுதியிருந்தது, ஆனா பிட்டில, அதாவது மேடைக்கு முன்னால வாத்தியக்காரருக்கு விடுற இடத்தில, இருந்து வாசிச்சவையைப் பற்றி வந்த ரெண்டு வசனம்தான் விளங்கேல்ல. ஒரு இடத்தில "புல்லாங்குழல், கிளரினெட், சாக்ஸபோன் எண்டு பெரிய குழு" எண்டு பாராட்டு, கொஞ்சம் கீழ போனா "இடைவேளைக்குப் பிறகு குழல்கள் சுருதி இறங்கிவிட்டன, பயிற்சி போதாது" எண்டு குட்டு. அந்த ஷோவில நான் வாசிக்கேல்ல, ஆனா வாசிச்ச ஆக்களைத் தெரியும். பெரிய குழுவெல்லாம் இல்ல சேர், குழல் பக்கம் மொத்தமே ரெண்டு பேர். பயிற்சி போதாமலும் இல்ல.

லண்டன், நியூயோர்க் பக்கம் இருந்து வாற மேடை இசை நாடகங்களின்ர நோட்டுப் புத்தகம் வரேக்க அதில மேல்நாட்டுப் புல்லாங்குழலான புளூட்டுக்கு ஒரு புத்தகம், கிளரினெட்டுக்கு ஒரு புத்தகம் எண்டு வராது. குழல் வாசிக்கிறவையின்ர கதிரைக்கு ரீட் எண்டு பேர், ரீட் ஒண்டு, ரீட் ரெண்டு எண்டு கதிரைக் கணக்கிலதான் வரும். ரீட் ஒண்டு எண்ட கதிரையில இருக்கிறவர் ஒரு பாட்டில புளூட், அடுத்ததில கிளரினெட், நடுவில ஒரு டான்ஸ் வந்தா அல்டோ சாக்ஸ், சிலவேளை பிக்கலோ எண்ட சின்னப் புளூட்டும். பழைய டான்ஸ் பாண்டுகளில சாக்ஸ் வாசிச்சவையே கிளரினெட்டும் எடுத்து வாசிச்சினம், அந்தப் பழக்கம் தியேட்டருக்குள்ளயும் வந்திட்டுது, பிட்டுக்குள்ள கதிரை குறைவு, சம்பளம் குடுக்கிற ஆக்களின்ர கையும் இறுக்கம், அதால அப்பிடியே நிலைச்சும் போச்சு. நியூயோர்க்கில சங்க ஒப்பந்தப்படி ரெண்டாவது வாத்தியத்துக்கு மேலதிக சம்பளம் உண்டு, மூண்டாவதுக்கும் உண்டு. இஞ்ச எங்களுக்கு பஸ் காசும் சோத்துப் பார்சலும்.

ரெண்டு மூண்டு குழல் வச்சிருக்கிறது எங்கட ஆக்களுக்குப் புதுசில்லத்தானே எண்டு சிலர் கேக்கலாம். உண்மைதான், கச்சேரிக்குப் போற புல்லாங்குழல்காரர் பையுக்குள்ள சுருதிக் கட்டைக்கு ஒண்டாக் கனக்கக் குழல் கொண்டு போவார். நாதஸ்வரக்காரரைப் பாருங்கோ, குழலில நூலில நாலைஞ்சு சீவாளி, அதுதான் வாயில வச்சு ஊதிற துண்டு, தொங்கும், ஒண்டு சரிவரேல்ல எண்டா மற்றதைப் போடுவார், சாமி ஒரு நிமிசம் நிண்டு பாத்துக்கொண்டிருக்கும், ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம். ஆனா புல்லாங்குழல் சின்னனோ பெரிசோ விரல் வைக்கிற முறை ஒண்டுதான். பிட்டில அப்பிடி இல்ல. சாக்ஸில கட்டைவிரல் சாவியை அமத்தினா ஒரு ஸ்தாயி ஏறும், ச-வில இருந்து மேல் ச. அதே மாதிரி கிளரினெட்டில அமத்தினா மேல் ஸ்தாயி ப-வுக்குப் போய் நிக்கும், ஏனெண்டா அது ஒரு பக்கம் அடைச்ச நேர்க்குழாய், சாக்ஸ் விரிஞ்சு கொண்டு போற கூம்பு. புளூட்டில அந்தச் சாவியே இல்ல, மூச்சாலதான் ஏத்தோணும். இதுக்குள்ள தாளில சி எண்டு இருந்தா புளூட்டில சி கேக்கும், கிளரினெட்டில ஒரு முழுச்சுரம் கீழ, அல்டோ சாக்ஸில வேறொரு சுரம். உதட்டை வைக்கிற விதமும் மூண்டுக்கும் மூண்டு விதம். ஏ.கே.சி. நடராஜன் கிளரினெட்டுக்கும் கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனுக்கும் வாழ்க்கையையே குடுத்த மாதிரி ஒரு வாத்தியத்தோட இருக்கிற குடுப்பினை பிட்டில ஒருத்தருக்கும் இல்ல.

இப்ப அந்தக் கதிரையைச் சுத்திப் பாருங்கோ. வலப்பக்கம் தரையில புளூட் நிக்கிற முளை, அதுக்குப் பக்கத்தில பிக்கலோவுக்குச் சின்ன முளை, இடப்பக்கம் கிளரினெட் முளை, சாக்ஸ் அதின்ர ஸ்டாண்டில, கழுத்துப்பட்டி மட்டும் முழு ஷோவும் கழுத்திலயே கிடக்கும், ஏனெண்டா பட்டியைத் தேடி மாட்ட நேரம் இல்ல. முன்னால நோட்டு ஸ்டாண்ட், அதில சின்ன லைட், அதுக்கு மேலால கண்டக்டரின்ர கை தெரியோணும். தாளில "புளூட் எடு" எண்டு இருக்கும், நாலு பார், அதாவது நாலு நாலு அடியா நாலு சுத்து, ஓய்வு இருக்கும். நிமிசத்துக்கு 120 அடி போற பாட்டில நாலு பார் எண்டா சரியா 8 செக்கன். அதுக்குள்ள கிளரினெட்டை பாக்காமலே முளையில இறக்கி, புளூட்டை எடுத்து, சத்தம் வராம உள்ளுக்கு ரெண்டு தரம் சூடா ஊதி, உதட்டை மாத்தி, பக்கத்தையும் பிரட்டோணும். முளை நாலு அங்குலம் தள்ளி இருந்தா கை இருட்டில தடவும், அவ்வளவுதான், பார் போயிடும். அதால ரிஹர்சல் முதல் நாளே ஸ்டாண்ட் நிக்கிற இடத்தை தரையில டேப் ஒட்டி அடையாளம் வைக்கிறது, வேகமா மாத்த வேண்டிய வாத்தியம் எதுவோ அதுக்குத்தான் கைக்குக் கிட்டின இடம்.

ரீட் இன்னொரு தலையிடி. கதிரையை இல்ல, கிளரினெட், சாக்ஸின்ர வாய்ப்பகுதியில பூட்டுற மெல்லிய தட்டையைச் சொல்லுறன், இது தென் பிரான்ஸ் பக்கம் விளையிற ஒருவகை நாணலில சீவிறது, ஈரமா இருந்தாத்தான் அதிரும். சாக்ஸை இருபது நிமிசம் தொடாம ஏசிக்குள்ள விட்டா ரீட் காய்ஞ்சு நெளிஞ்சு போயிடும், பேந்து எடுத்து ஊதேக்க முதல் சுரம் வாத்து கத்தின மாதிரி. வாய்ப்பகுதிக்கு மூடி போட்டு வைக்கலாம், கொஞ்சம் உதவும். இப்ப பிளாஸ்டிக் ரீட் வருது, காயாது, எப்ப எடுத்தாலும் ஒரே மாதிரி, சத்தம் நாணல் ரீட் அளவுக்கு இனிமையில்ல எண்டு மூத்தவை முகம் சுழிப்பினம், என்னைக் கேட்டா சும்மா கிடக்கிற வாத்தியத்துக்கு அதுதான் சரி. விலை கூடதான், ஆனா 2022 டொலர் தட்டுப்பாட்டு நேரம் ஒரு பெட்டி ரீட்டுக்கு வெளிநாட்டில இருந்து வாற சொந்தக்காரரை எல்லாம் கெஞ்சித் திரிஞ்ச ஆக்களுக்கு ஒரு ரீட் மாதக்கணக்கில தாங்கிறதின்ர அருமை தெரியும்.

இனி அந்தச் சுருதி விசயம். கொழும்பில வெளியில 30 பாகை, புழுக்கம். மண்டபத்தில கரண்ட் பில்லுக்குப் பயந்து ஷோவுக்குக் கொஞ்சம் முந்தித்தான் ஏசி போடுவினம், போட்டா மண்டபம் ஆக்களால நிறையப் போகுது எண்டு ஒரேயடியா 20 பாகைக்குக் கொண்டு போவினம். 30 பாகையில சத்தம் செக்கனுக்கு 349 மீற்றர் போகும், 20 பாகையில 343. குழலின்ர நீளம் மாறாது, உள்ள காத்து குளிருது, அதால சுரம் இறங்கும், ஊதாம குளிர்ந்து கிடக்கிற குழலுக்கு அது கிட்டத்தட்ட அரைச்சுரத்தில மூண்டில ஒரு பங்கு. ஆருக்கும் கேக்கும் அது. கையில இருக்கிற வாத்தியத்தை மூச்சு சூடாக்கி வச்சிருக்கும், முளையில நிக்கிறதை ஆர் சூடாக்கிறது? இடைவேளையில எல்லாரும் டீ குடிக்கப் போக நாலு வாத்தியமும் ஏசிக் காத்துக்கு நேர நிக்கும். திரை திறந்து முதல் பாட்டு. கீபோட் எலெக்ட்ரிக், அது எந்தக் குளிருக்கும் அசையாம வச்ச சுருதியிலயே நிக்கும், வயலின்ர இரும்புக் கம்பி குளிருக்கு இறுகி மேல ஏறப் பாக்கும், குழல் மட்டும் கீழ. உங்கட விமர்சகர் கேட்டது இதைத்தான். அவற்ற காது பிழையில்ல, காரணம் சொன்னதுதான் பிழை.

மரக் கிளரினெட்டுக்கு இது சுருதியோட நிக்காது. அது ஆப்பிரிக்கக் கருமரம், உள்ளுக்கு சூடான ஈர மூச்சு, வெளியில குளிர் காத்து, மேல் துண்டில நீட்டுக்கு வெடிப்பு விழும். நான் பிட்டுக்கு பிளாஸ்டிக் கிளரினெட்தான் கொண்டு போறது, அதில வெக்கப்பட ஒண்டும் இல்ல, மரத்தை வீட்டில வச்சிட்டு வந்தா நித்திரை வரும். பிறகு எங்கட ஊர் ஈரத்துக்கு, சாவிக்கு அடியில துளையை மூடுற சின்ன மெத்தை ஒட்டிற கரைச்சல், சாக்ஸில ஜி ஷார்ப் சாவிதான் முதல் கள்ளன், அமத்தினாலும் திறக்காது. சிகரட் சுத்துற மெல்லிய தாளை அந்த மெத்தைக்குக் கீழ வச்சு மெதுவா அமத்தி எடுத்தா ஈரம் போயிடும், பசை உள்ள பக்கம் படாமப் பாக்கோணும். அவசரத்துக்கு இருபது ரூபா நோட்டு வைக்கிற ஆக்களும் இருக்கினம், அந்த நோட்டு எங்கெங்க போய் வந்ததோ, எனக்கெண்டா வேண்டாம்.

இவ்வளவையும் வச்சுக்கொண்டு ஒரு மனுசனுக்குக் குடுக்கிற இடம் எவ்வளவு எண்டு நினைக்கிறியள்? ஒரு பிளாஸ்டிக் கதிரை அளவு. கனக்க மண்டபங்களில பிட் எண்டு தனிய ஒண்டு இல்ல, மேடைக்கு முன்னால முதல் வரிசைக் கதிரையளைக் கழட்டிப்போட்டு அதுக்குள்ள எல்லாரையும் நெருக்கிறது, வயலின் வில்லு ஒரு பக்கம் இடிக்கும், டிரம்காரர் மற்றப் பக்கம். ஒருக்கா ஒரு மண்டபத்தில சவுண்ட்காரப் பெடியன் கேபிள் இழுக்கிறதுக்காக என்ர புளூட் ஸ்டாண்டைத் தூக்கி கதிரையில படுக்க வச்சிட்டான், அவன்ர நினைப்பில அது பத்திரமான இடம், பிறகு வந்த ஒருத்தர் பாக்காம அதில பையை வச்சார், சாவிக் கம்பி வளைஞ்சு கடைசி ரெண்டு பாட்டையும் கிளரினெட்டில மாத்தி வாசிச்சன். ஒருத்தரையும் ஏசேல்ல, ஆனா இடம் இருந்திருந்தா அந்தக் கேபிள் வேற வழியால போயிருக்கும்.

அதால மண்டபக்காரரிட்டயும் நாடகம் போடுறவையிட்டயும் கேக்கிறது இதுதான், ரீட் கதிரைக்கு மற்றவையை விட அகலம் விடுங்கோ, ஒரு ஒண்டரை மீற்றர் போதும், அதுக்குள்ளால கேபிள் ஓட விடாதேங்கோ, ஏசியை ஒரு மணித்தியாலம் முந்தியே போட்டு அதே குளிரில வச்சிருங்கோ, காத்து நேர பிட்டில விழுகுது எண்டா அந்த ஏசி வாய்க்கு அட்டை ஏதும் கட்டுங்கோ. இடைவேளை முடிஞ்சு மணி அடிக்க முந்தி எங்களுக்கு அஞ்சு நிமிசம் தந்தா நாலு வாத்தியத்தையும் சூடாக்கி கீபோடோட பாத்துக்கொள்ளுவம். டிக்கெட் விக்கிற விலைக்கு இது பெரிய செலவில்ல. நோட்டீசில பேர் போடேக்க ஆர் என்னென்ன வாத்தியம் வாசிச்சினம் எண்டு போட்டா விமர்சனம் எழுதிறவைக்கும் ஆள் எண்ண லேசு.

பள்ளிக்கூடப் பிள்ளையளை வச்சு இசை நாடகம் போடுற ஆசிரியர்மாருக்கும் ஒண்டு. கிளரினெட் படிக்கிற பிள்ளையைப் பிடிச்சு "சாக்ஸும் வாசி, புளூட்டும் வாசி" எண்டு சொல்லுறியள், அது பிள்ளைக்கு நல்லதுதான், ஆனா வாத்தியத்தை வைக்க ஒண்டும் குடுக்கிறியளில்ல, பிள்ளை மடியில ஒண்டு, காலுக்கிடையில ஒண்டு வச்சுக்கொண்டு நடுங்குது. ஸ்டாண்ட் விலை எண்டா ஒரு தச்சு ஆசாரியிட்டக் குடுங்கோ: ஒண்டரை அடிப் பலகையில ரெண்டு உருளைத் தடி, புளூட்டுக்கு மெல்லிசா, கிளரினெட்டின்ர அகண்ட வாய்க்கு அடி பருத்து நுனி ஒடுங்கினதா, ரெண்டுக்கும் மேல மெத்தெண்ட துணி சுத்தி ஒட்டோணும். பலகை கனமா இருக்கட்டும், லேசாப் போனா கால் தட்டினாலே சரிஞ்சிடும்.

இப்படிக்கு,
பிட்டில கிளரினெட் வாசிக்கிற ஒருவன்,
வெள்ளவத்தை.