லினக்ஸ் ஆர்வலர்களே, முதல் வாரம் பக்கத்தில் இருங்கள்

அன்பார்ந்த லினக்ஸ் ஆர்வலர்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு, அதாவது வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு, முடிந்தது. ஓராண்டு நீட்டிப்பு வாங்கிக்கொண்டவர்கள் கவலையை 2026 அக்டோபருக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். மற்றவர்களில் கொஞ்சம் பேர் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸைத் தேடி உங்கள் வாசலுக்கு வருகிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான்.

உங்கள் கொள்கையைக் கேட்டு மனம் மாறி நான் வரவில்லை. ஒன்பது ஆண்டுகளாக ஒரு குறையும் வைக்காத என் மடிக்கணினியில் விண்டோஸ் 11 ஓடாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். அதிலிருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல் செயலி. பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்துக்கொள்வார்களாம். விசைப்பலகையில் ஓர் எழுத்துகூட அழியவில்லை. அதை எப்படித் தூக்கிப் போடுவது?

உங்களிடம் வழி கேட்டேன். லினக்ஸிலேயே எந்த வகை, உபுண்டுவா, மின்ட்டா, பெடோராவா என்று அரை மணி நேரம் உங்களுக்குள்ளேயே சண்டை போட்டீர்கள். தாகம் என்று வந்தவனை உட்காரவைத்துக் கிணறு வெட்டும் முறையை விளக்கியதுபோல் இருந்தது. கடைசியில் நண்பர் ஒருவர் மின்ட் போட்ட பென்டிரைவோடு வீட்டுக்கு வந்தார். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிக் காட்டினார். வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் வேலை செய்தன. இந்த ஒரு வசதிக்காகவே உங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் என்ற காவலை அணைத்தால்தான் லினக்ஸ் நிம்மதியாக ஓடும் என்று நண்பர் சொன்னார், அணைத்தோம். விண்டோஸிலிருந்து இன்னும் சில கோப்புகளை எடுக்க வேண்டும் என்று திரும்ப அதைத் திறந்தால் நீலத் திரை. 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கொடு என்றது. விண்டோஸின் பிட்லாக்கர் என்ற குறியாக்கப் பூட்டால் வட்டு பூட்டப்பட்டிருந்தது எனக்கே தெரியாது. செக்யூர் பூட்டை அணைத்ததால்தான் அது குறியீடு கேட்டது. பத்தாண்டுக் கணக்கும் ரசீதும் படமும் அதற்குள் இருந்தன. மறந்தே போயிருந்த ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் குறியீடு கிடைக்க இரண்டு மணி நேரமானது. அதுவரை நண்பர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மின்ட் செக்யூர் பூட் இருக்கும்போதே ஓடும் என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். நண்பர் சொன்னது அவர் கற்றுக்கொண்ட காலத்துப் பாடம்.

என் முதல் கோரிக்கை இதுதான். பென்டிரைவைச் செருகுவதற்கு முன்பே பிட்லாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். குறியீட்டைத் தாளில் எழுதவையுங்கள். கோப்புகள் வேறொரு வட்டில் பத்திரமாக இருப்பதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு மற்ற வேலையைத் தொடங்குங்கள். நிறுவும்போது வட்டு முழுவதையும் அழிக்கவா என்று கேட்கும் அந்தத் திரை உங்களுக்குப் பழகியது. எங்களுக்கு அங்கே கை நடுங்குகிறது.

இரண்டு இயங்குதளங்களையும் அருகருகே வைத்துக்கொண்ட முதல் வாரத்தில் கடிகாரம் பல மணி நேரம் தள்ளி ஓடியது. உள்ளே பேட்டரி போய்விட்டது என்றே நினைத்தேன். வன்பொருள் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாகப் படிக்கிறது. ஒரே ஒரு கட்டளையில் சரியாகிற விஷயம். அதேபோல விண்டோஸ் பகுதியில் எதையும் சேமிக்க முடியவில்லை. அடுத்த முறை சீக்கிரம் திறப்பதற்கான பாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லையாம். அரைத் தூக்கத்தில் இருக்கும் பகுதியில் எழுத லினக்ஸ் மறுக்கிறது. மறுப்பு நியாயமானதுதான். அதை முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருக்கலாம். எல்லாக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் யூனிகோடு முறைக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த என் தமிழ்க் கடிதங்கள், எம்.எஸ். ஆபிஸுக்கு மாற்றான லிப்ரே ஆபிஸில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறந்தபோதும் இதே கதைதான். பழைய எழுத்துருக் கோப்பைக் கூடவே எடுத்துவந்திருந்தால் போதும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. போட்டோஷாப்பை வைத்துப் பிழைப்பவர் வந்தால் 'அதற்குப் பதிலாக இலவசப் படத்திருத்தி கிம்ப் இருக்கிறதே' என்று அவரை இழுக்காதீர்கள். உங்களுக்கு இது ஒத்துவராது என்று சொல்லி அனுப்புங்கள். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி பல ஆண்டுகள் உழைத்துச் சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அதில் அரசியல் இருந்தது என்கிறீர்கள், இருக்கலாம். ஊழியர்களின் முணுமுணுப்பும் இருந்தது. அதைப் பற்றி நீங்கள் பேசி நான் கேட்டதில்லை.

திட்டுவதற்காக இதை எழுதவில்லை. இந்த மடலையே அந்தப் பழைய மடிக்கணினியில்தான் எழுதுகிறேன். முன்பு விசிறி இரைந்துகொண்டே இருக்கும். இப்போது அது ஓடுகிறதா என்று காது வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. புதுப்பிப்பு வந்தால் எனக்குத் தோதான நேரத்தில் போட்டுக்கொள்கிறேன். விண்டோஸ் பகுதியைத் திறந்து ஒரு மாதமாகிறது.

ஒரே ஒரு குறை பாக்கி. பிரின்டர் அச்சடிக்கிறது, ஸ்கேன் செய்ய மறுக்கிறது. இரண்டு ஞாயிறுகள் அதிலேயே போய்விட்டன. உங்களில் யாராவது இந்த ஞாயிறு வர முடியுமா? எந்த லினக்ஸ் உசத்தி என்ற பேச்சை மட்டும் எடுக்காமல் வாருங்கள்.

இப்படிக்கு,
புதிதாக வந்த ஒருவன்