தூக்குச்சட்டியில் வெட்டிய பெயர்

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பரீட்சையில் தேறிவிட்டாள் என்றதும் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

போன மாதம் தாய்லாந்தில், அந்தக் காலத்துச் சயாமில், காஞ்சனபுரி போய் வந்தேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை போட்ட இடம். முப்பது வருஷம் மலேசிய வரலாற்றைப் பாடம் நடத்தியவனுக்கு அந்த மண்ணை மிதிக்க இப்போதுதான் வாய்த்தது. அங்குள்ள போர்க்கைதிகள் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் கிடக்கிறார்கள். புல்லை ஒட்ட வெட்டி, பூச்செடி வைத்து, தலைமாட்டில் பெயர், வயது, படைப்பிரிவு. வெயிலில் வரிசை வரிசையாகப் படித்துக்கொண்டே நடந்தேன். பாதை போடப் போன நம் தோட்டத் தமிழர் பெயர் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஊர் விகாரை ஒன்றில் அவர்கள் நினைவாக ஒரு நடுகல் நிற்கிறது. அதன்முன் நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1943 அக்டோபரில் முடித்தார்கள். நம் மலாயாவின் கிழக்குக்கரைத் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய் அங்கே போட்டார்கள். ரப்பர் தோட்டத்து ஆட்களையும் லாரி லாரியாக ஏற்றிப் போனார்கள். ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டார்கள் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன், எத்தனையோ வருஷம். அதுவும் மதிப்பீடுதான். பால்வெட்டில் அரைநாள் குறைந்தாலும் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் குறித்துவைத்த கணக்கெழுதும் கிராணிமார் இருந்த தோட்டங்கள்! அந்த ஆட்கள் வாந்திபேதியில் கொத்துக்கொத்தாகச் செத்தபோது பெயர் எழுத ஒருவரும் இல்லை. இது என்னைத் தூங்கவிடவில்லை.

அதனால் ஒரு நோட்டில் பெயர்களை எழுத ஆரம்பித்திருக்கிறேன். உன் தாத்தாவைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாரும் 'சயாம் தாத்தா' என்பார்கள். நாமும் அப்படியே சொல்லி வளர்ந்தோம். அவர் பெயர் என்ன? எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் கேட்கவும் தோன்றவில்லை.

'மூணு மாசம்தான், நாளுக்கு ஒரு வெள்ளி கூலி' என்று சொல்லிவிட்டுப் போனாராம். இடுப்பிலிருந்து தன்னை இறக்கிவிட்டு லாரி ஏறினார் என்று உன் பெரியம்மா சொல்லுவார். அவர் பால்வெட்டுக்குக் கொண்டுபோன பித்தளைத் தூக்குச்சட்டி ஒன்று உங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் இருந்ததே, அதில் பெயர் வெட்டியிருக்கும். நாம் சிறுவயதில் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்திருக்கிறோம்.

சனிக்கிழமை காலை ஃபெரியில் பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் சுங்கைப் பட்டாணி வருகிறேன். பெரியம்மாவுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வயதாகிறது. காலையில்தான் தெளிவாகப் பேசுவார் என்றாய். வெற்றிலை வாங்கி வருகிறேன். அந்தத் தூக்கை மட்டும் யாரும் புளி போட்டு விளக்க வேண்டாம் என்று சொல். எழுத்து தேய்ந்துவிடும்.

அன்புடன்,
உன் நண்பன்