இடைவிடாத நகைச்சுவை வசனம்: ரசிகனுக்கு மூச்சுவிட இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மைக்கால நகைச்சுவைப் படங்கள் பலவற்றில் நாயகன் முதல் தேநீர்க் கடைக்காரர் வரை அனைவரும் ஒரே குரலில் எதுகை மோனையுடன் 'கவுன்டர்' அடித்துக்கொண்டே இருப்பது, சிரிப்பை வரவழைப்பதற்குப் பதிலாகச் சலிப்பையே தருகிறது.

வசனம் மிகுந்திருப்பதே குறை என்று நான் சொல்லவில்லை. 1990-இல் வெளிவந்த 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் கிரேசி மோகன் எழுதிய சொல்விளையாட்டுகள் அநேகமாக ஓய்வதே இல்லை. ஆயினும் கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்துவிட்ட பதற்றத்தில் சமையல்காரர் காமேஸ்வரன் தவிக்கும்போது, சிரிப்பு அந்தத் தவிப்பிலிருந்தே பிறக்கிறது. 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் திகில் கதை சொல்லும் காட்சியை எண்ணிப் பாருங்கள். பேசுபவர் பெரும்பாலும் நாகேஷ்தான். ஆனால், கேட்டுக்கொண்டிருக்கும் பாலையாவின் முகத்தில் படிப்படியாக ஏறும் அச்சம் இல்லாவிட்டால், அக்காட்சி அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இன்றைய குழந்தைகளைச் சிரிக்க வைத்திருக்குமா? வயிறு வலிக்கச் சிரித்த என் பேத்தியைப் பார்த்தபின்பே இதை எழுதத் தோன்றியது.

கேட்பவர் இல்லாமல் எல்லோரும் பேசுபவராகிவிட்டதே இன்றைய குறை. திரையரங்கில் ஒரு வசனத்துக்கு எழும் சிரிப்பொலி அடங்குவதற்குள் அடுத்த இரண்டு வசனங்கள் கடந்துவிடுகின்றன. எழுதியவரின் உழைப்பும் வீணாகிறது. தங்கள் நாளிதழின் திரை விமர்சகர்கள், நகைச்சுவைப் படங்களை மதிப்பிடும்போது இந்த இடைவெளியையும் கவனித்து எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி