லியுவாவிலிருந்து திரும்பி வந்து எழுதுகிறேன்

லுசாக்கா,
டிசம்பர் முதல் வாரம்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி வந்தது. லலிதா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் பத்திரமாக இங்கே வந்து சேர்ந்து, காட்டுக்கும் எங்களோடு வந்தது என்று சொல்.

"அவ்வளவு தூரம் போய் மசாய் மாரா பார்க்காமலா வரப்போகிறாய்?" என்று கேட்டிருந்தாய். நானும் கென்யாவிலிருக்கும் அந்தச் சரணாலயத்துக்குப் போகத்தான் நினைத்திருந்தேன். மகளோடு வேலை பார்ப்பவர் ஒருவர் மேற்கு ஜாம்பியாவின் லோசி இனத்தவர். அவர்தான் "எங்கள் பக்கம் லியுவா சமவெளி இருக்கிறது, நவம்பரில் போங்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பிக் கிளம்பினோம்.

ஜாம்பியாவின் மேற்கு ஓரம், அங்கோலா எல்லையை ஒட்டிய இடம். லுசாக்காவிலிருந்து மோங்கு நகரம் வரைக்குமே கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர். நடுவில் நெடுஞ்சாலையே கஃபூவே தேசியப் பூங்காவுக்குள் புகுந்துதான் போகிறது. மோங்குவைத் தாண்டினால் ஜாம்பேசி ஆற்றின் வெள்ளச் சமவெளி. மழைக்காலம் முற்றினால் அது முழுக்கத் தண்ணீர். முன்பெல்லாம் அந்த மாதங்களில் படகுதான். 2016-இல் சாலை வந்தது, அதற்கே 26 பாலங்கள் கட்ட வேண்டியிருந்ததாம். சாலை கலாபோ ஊரோடு முடிகிறது.

அதற்குப் பிறகு லுவாங்கிங்கா ஆறு. வண்டியை ஒரு மிதவையில் ஏற்றி, இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துக் கையாலேயே இழுத்து அக்கரை சேர்த்தார்கள். அவர்களில் பெரியவருடைய உள்ளங்கையைப் பார்த்தேன். கயிறு ஓடி ஓடிப் பள்ளம் விழுந்து, தோல் மரப்பட்டை மாதிரி இறுகியிருந்தது. அக்கரையில் சாலை கிடையாது. டயர் காற்றைப் பாதி இறக்கிவிட்டு மணலில் ஊர்ந்து போனோம்.

சமவெளி என்றால் எப்படிச் சொல்வது? பார்க்கும் தூரம் வரை புல், எங்கோ ஒரு மரத்திட்டு, மீதி எல்லாம் வானம். மதியம் வடக்கே கறுக்கத் தொடங்கிய மேகம் எங்கள் மேல் வந்து கொட்ட இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை அந்த மழை நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அந்த மழைக்காகத்தான் வில்டபீஸ்ட் கூட்டங்களும் வருகின்றன. மாட்டு முகமும் குதிரை வாலுமாக டிவியில் பார்த்திருப்பாயே, அதேதான். எங்கள் கூடாரத்தைச் சுற்றி இரவு முழுக்க அவற்றின் முனகல். விடிந்து பார்த்தால், பிறந்து சில நாளே ஆன வெளிர்பழுப்புக் கன்றுகள் தாயின் விலாவை ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. மூன்று நாளில் நாங்கள் பார்த்த வேறு வண்டிகள் இரண்டே இரண்டு.

இப்போது நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயம். 1990-களில் கண்மூடித்தனமாக வேட்டையாடியதில் இங்கே சிங்கங்களே அழிந்துபோய், ஒரே ஒரு பெண்சிங்கம் மிஞ்சியது. லேடி லியுவா என்று பெயர். துணையில்லாமல் வருஷக்கணக்கில் தனியாக அலைந்தது. சமவெளியெங்கும் கழுதைப்புலிகளின் ராஜ்ஜியம். அதற்கு நடுவில் இது ஒற்றை ஆள். பூங்காவுக்குள் இருக்கும் மதாமனேனே முகாமுக்கு வந்து, மனிதர்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுமாம். இறந்துபோன ஒரு பெண்ணின் ஆவிதான் சிங்கமாக வந்திருக்கிறது என்று ஊர்க்காரர்கள் நம்பியிருக்கிறார்கள்.

2009-இல் கஃபூவேயிலிருந்து இரண்டு ஆண்சிங்கங்களையும், 2011-இல் இரண்டு இளம் பெண்சிங்கங்களையும் கொண்டுவந்தார்கள். பெண்களில் ஒன்று கண்ணியில் மாட்டிச் செத்தது. இன்னொன்று பயந்து அங்கோலாவுக்கு ஓடியே விட்டது. அதைத் திரும்பக் கூட்டிவந்து லேடி லியுவாவோடு ஒரே அடைப்பில் வைத்துப் பழகவிட்டார்கள். இரண்டும் இணைபிரியாமல் ஆகிவிட்டன. அந்த இளையதுக்கு செப்போ என்று பெயர், லோசி மொழியில் நம்பிக்கை. லேடி லியுவா குட்டி போடவே இல்லை. செப்போ போட்டது. 2017-இல் வயதாகி லேடி லியுவா இறந்தபோது, தன்னைச் சுற்றி ஒரு குடும்பத்தோடுதான் போய்ச் சேர்ந்தது. கைடு இதைச் சொல்லி முடித்ததும் நாங்கள் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இன்னொன்று. நம் ஊரில் காடு என்றால் ஜனங்களை வெளியேற்றுவது என்றுதான் பேச்சு. இங்கே பூங்காவுக்குள்ளேயே 10,000 பேருக்கு மேல் குடியிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லோசி அரசர் லெவானிகா இந்தச் சமவெளியைத் தன் வேட்டை நிலமாக அறிவித்து, காக்கும் பொறுப்பை இந்த ஜனங்களிடம்தான் கொடுத்தார். தேசியப் பூங்கா ஆனது 1972-இல். 2003 முதல் ஆப்பிரிக்கன் பார்க்ஸ் என்ற அமைப்பு, அரசோடும் லோசி அரச சபையோடும் சேர்ந்து நடத்துகிறது. ஒரு குட்டையில் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்று கூடையால் மீன் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அதே குட்டையின் மறுகரையில் பெருங்கொக்குகள் மேய்கின்றன. யாரும் யாரையும் விரட்டவில்லை. நாம் முதுமலை போன வருஷங்களில் நீ ஓயாமல் சொல்வாயே, காட்டோடு இருக்கத் தெரிந்தவனை வெளியே தள்ளிவிட்டு யாரை வைத்துக் காப்பாற்றப் போகிறார்கள் என்று. அந்தக் குட்டைக்கரையில் உன் குரல்தான் காதில் விழுந்தது.

அதனால் கேட்கிறேன், அடுத்த நவம்பருக்கு நீயும் வா. ஊர்க்காரர்களே நடத்தும் முகாம்கள் இருக்கின்றன, கூடாரமும் சாப்பாட்டுச் சாமானும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். வண்டியில்தான் சுற்றுவது, முழங்காலுக்குச் சிரமமில்லை. ஆனால் மணலில் குலுக்கும், டாக்டரிடம் கேட்டுக்கொள். மலேரியா மாத்திரையையும் அவரிடமே எழுதி வாங்கு. டிக்கெட் விலையை மகள் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

லலிதாவிடமும் பேசிவிட்டு எழுது. குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

உன்,
ராகவன்